வேலையை விடவில்லை, குறைத்துக்கொண்டேன்

சென்னையில் ஐடி மேனேஜர் வேலை. ராத்திரி பதினொன்றுக்கும் போன். பிபி மாத்திரை தொடங்கியதும் ராஜினாமா எழுதினேன்; உடனே அனுப்பவில்லை. வேலையை விடும்போது கம்பெனி தரும் கிராஜுவிட்டித் தொகைக்கு 5 வருடம் முடிய வேண்டும், அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். கம்பெனி இன்சூரன்ஸ் வேலையோடு போய்விடும்; தனிப் பாலிசியிலோ பிபி மாதிரி பழைய நோய்க்கு 3 வருடம் வரை காத்திருப்பு. அதனால் வேலையில் இருக்கும்போதே எடுத்து வைத்தேன். இதைத்தான் பலர் மறக்கிறார்கள்.

இப்போது தக்கலைப் பக்கம் சொந்த வீடு. பழைய கம்பெனிக்கே வாரம் மூன்று நாள் கன்சல்டன்ட். பணம் பாதிதான், வாடகை இல்லாததால் ஓடுகிறது. விடியற்காலை ரப்பர் பால்வெட்டும் அண்ணன் பின்னாலேயே நடப்பேன். உள்ளிருக்கும் மரத்தில் கத்தி படாமல் பட்டையை மட்டும் சீவுவார், அதுவும் ஒன்றுவிட்டு ஒருநாள்.

“என்ன மக்கா, வெளிய அனுப்பிட்டாவளா?” என்று சித்தி கேட்டாள். ஆமாம் என்றேன். விளக்குவதைவிட அது லேசு.