பாக்கெட் வாட்ச் மெஷினில் 'அபூர்வம்' தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

டயலில் 6 மணி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு திறப்பு. அதன் வழியே பேலன்ஸ் வீல், அதாவது முன்னும் பின்னும் ஆடி நேரத்தைச் சீராக்கும் சக்கரம், ஆடுவது தெரிகிறது. உடனே 'டூர்பியான்' என்று பெயர் வைத்து விலையை ஏற்றிவிடுகிறார்கள். கையில் இருப்பது பெரும்பாலும், ஒரு முறை முறுக்கினால் எட்டு நாள் ஓடும் ஹெப்டோமாஸ் வகை வாட்ச். பின்மூடியைத் திறந்தால், வாட்சை ஓட்டும் மெயின் ஸ்பிரிங் இருக்கும் பேரல் (உருளை) மெஷினின் முதுகு முழுவதையும் அடைத்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் பேலன்ஸ் முன்பக்கம் வந்தது. அழகான வேலை, ஆனால் அபூர்வம் இல்லை.

வாட்ச் தயாரிப்பாளர் பிரெகே 1801-ல் காப்புரிமை பெற்ற டூர்பியானில், பேலன்ஸும் எஸ்கேப்மென்ட்டும் (சக்கரங்களை ஒவ்வொரு பல்லாக நகரவிடும் அமைப்பு) ஒரு கூண்டுக்குள் இருக்கும். அந்தக் கூண்டே சுற்றும், பெரும்பாலும் நிமிடத்துக்கு ஒரு முறை. ஆகவே பேலன்ஸைத் தாங்கும் பாலத்தின் திருகு ஒன்றை இரண்டு நிமிடம் கவனியுங்கள். அது நகரவில்லை என்றால் டூர்பியான் பேச்சை விட்டுவிடலாம். வாட்ச் தயாரிப்பாளர் பான்னிக்சென் 1892-ல் கொண்டுவந்த, மெதுவாகச் சுற்றும் கூண்டு உள்ள காருசெல் மட்டும் இந்தச் சோதனைக்குத் தப்பிவிடும். அதன் வழக்கமான சுற்று 52.5 நிமிடம். சந்தேகம் இருந்தால் ஒரு படம் எடுத்து, கால் மணி நேரம் கழித்து அதே கோணத்தில் இன்னொரு படம் எடுங்கள். காருசெல் என்றால் கால் வட்டத்துக்கும் சற்று அதிகமாகத் திரும்பியிருக்கும்.

அடுத்த தவறு, பெயரை நம்புவது. சென்னையில் பழைய குடும்பங்களிடமிருந்து வரும் வாட்சுகளில் 'பி. ஆர் அண்ட் சன்ஸ் (P. Orr & Sons), மெட்ராஸ்' என்று டயலில் இருப்பது உண்டு. மவுண்ட் ரோட்டில் இருந்த அந்தப் பெரிய கடை வாட்சுகளைத் தருவித்துத் தன் பெயரில் விற்றது. ஆகவே அந்தப் பெயர் விற்றவரைச் சொல்கிறது. மெஷின் எங்கே செய்யப்பட்டது என்பதற்கு அது சாட்சி ஆகாது. டயலைக் கழற்றினால் அதன் கீழ் உள்ள பிளேட்டில் தயாரிப்பாளரின் முத்திரையோ எண்ணோ கிடைக்கலாம். 'லண்டன்' என்று பொறித்திருப்பதும் அப்படித்தான். 18-ஆம் நூற்றாண்டு வாட்சில் லண்டன் பெயர் இருந்து, பேலன்ஸைத் தாங்கும் துண்டு இரண்டு பக்கமும் திருகு போட்ட பாலமாக இருந்தால், ஐரோப்பாவில் செய்து ஆங்கிலப் பெயர் வெட்டிய சரக்கா என்று கேட்க வேண்டும். அசல் ஆங்கில வேலையில் அது பொதுவாக ஒற்றைக் காலில் நிற்கும்.

சுவிஸ் வாட்சின் உள்மூடியில் நீளமாக பிரெஞ்சு வாசகம் இருந்தால் பலர் மயங்கிவிடுகிறார்கள். 'சிலாந்த்ர்' என்றால் சிலிண்டர் எஸ்கேப்மென்ட், 'ஆன்க்ர்' என்றால் லீவர் எஸ்கேப்மென்ட், அவ்வளவுதான். 'குரோனோமீட்டர்' என்ற சொல் இருப்பதால் மட்டும் உள்ளே துல்லியமான குரோனோமீட்டர்களில் வரும் டிடென்ட் எஸ்கேப்மென்ட் இருந்துவிடாது. வாசகத்தை மூடி வைத்துவிட்டு மெஷினைப் பாருங்கள்.

பார்க்க வேண்டிய இடம் ஒன்றே: எஸ்கேப்மென்ட்டின் பல்சக்கரமான எஸ்கேப் வீலுக்கும் பேலன்ஸுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? 10 மடங்கு லென்ஸும் பக்கவாட்டில் பிடித்த சிறு டார்ச்சும் போதும். நடுவில் ஃபோர்க் (கவை போன்ற துண்டு) இருந்தால் லீவர். ஃபோர்க் இல்லாமல் எஸ்கேப் வீலே பேலன்ஸின் அச்சுக்குள் நுழைந்து நுழைந்து வந்தால் சிலிண்டர். அதன் பற்கள் குட்டைக் கால்களின் மேல் எழுந்து நிற்கும். எஸ்கேப் வீல் படுத்திருக்காமல் செங்குத்தாக நின்று, அதன் அச்சு பிளேட்டுக்கு இணையாக ஓடினால் வெர்ஜ் என்ற பழைய வகை. செயினும், அது சுற்றும் கூம்பு வடிவ ஃப்யூசியும் இருப்பதால் வெர்ஜ் என்று முடிவு கட்டுவது பரவலான பிழை. ஆங்கிலேயர்கள் லீவர் வாட்சுகளிலும் 19-ஆம் நூற்றாண்டு முழுக்க ஃப்யூசி வைத்தார்கள். பழைய வெர்ஜை லீவராக மாற்றிய மெஷின்களும் உண்டு. அவற்றில் பித்தளையால் அடைத்த துளை, எதற்கும் உதவாத திருகுத் துளை, ஓரிடத்தில் மட்டும் வேறு நிறத்தில் கில்ட் (தங்கப் பூச்சு) என்று தடயம் இருக்கும். இவற்றைப் பார்க்காமல் 'இதுவரை யாரும் காணாத அமைப்பு' என்று அறிவித்துவிடுகிறார்கள்.

உண்மையிலேயே அபூர்வமானது பழுது என்று தள்ளப்படுவதும் நடக்கிறது, இதுதான் வருத்தம். டூப்ளெக்ஸ், டிடென்ட் என்ற இரண்டு எஸ்கேப்மென்ட் வகைகளிலும் பேலன்ஸ் போய்த் திரும்பும்போது ஒரு திசையில் மட்டுமே உந்துதல் கிடைக்கும். அதனால் சத்தம் ஒன்று பலமாக, ஒன்று மெலிதாகக் கேட்கும். செகண்ட் முள்ளும் ஒன்று விட்டு ஒரு அடிப்புக்குத்தான் நகரும். லீவரே பழகிய கைக்கு இது 'பீட் அவுட்' (டிக்-டாக் சமமாக விழாத பழுது) போலத் தோன்றும். பேலன்ஸின் மெல்லிய சுருளான ஹேர் ஸ்பிரிங்கைத் திருப்பி 'சரி' செய்யப் போய் நல்ல மெஷினைக் கெடுத்துவிடுவார்கள். பழுதுக்குக் கொடுக்கும் முன் எஸ்கேப்மென்ட்டைப் பார்த்துச் சொல்லிவிடுங்கள்.

பேலன்ஸ் விளிம்பைச் சுற்றித் திருகுகள் இருந்தாலே வெப்ப ஈடு செய்யும் பேலன்ஸ், அதாவது வெப்பம் மாறினாலும் நேரம் பிசகாமல் காப்பது, என்று எழுதுகிறார்கள். விளிம்பு வெளியே பித்தளை, உள்ளே எஃகு என்று இரண்டு அடுக்காகவும், கைகளுக்கு அருகே இரண்டு இடத்தில் வெட்டுப்பட்டும் இருக்க வேண்டும். வெட்டு இல்லையென்றால் திருகுகள் அந்த வேலையைச் செய்யாது. அதே போல, கேஸின் ஓரத்தில் தள்ளும் விசை உள்ள ஆங்கில வாட்ச் சிலவற்றில் 'குரோனோகிராஃப்' (ஸ்டாப்வாட்ச் வசதி உள்ள வாட்ச்) என்று பொறித்திருக்கும். தள்ளிப் பாருங்கள். மெஷின் மொத்தமும் நின்றால் அது வெறும் நிறுத்து விசை.

இனி கை வைக்கும் விஷயம். ஆங்கில சாவி வாட்சின் முதுகைக் கத்தியால் நெம்பாதீர்கள். அங்கே பெரும்பாலும் சாவித் துளைதான் இருக்கும். கண்ணாடி வளையத்தைத் திறந்து, 6 மணி ஓரத்தில் உள்ள சிறு கொக்கியை நகத்தால் தள்ளினால் மெஷின் 12 மணிப் பக்கக் கீலில் எழும்பி வரும். மெயின் ஸ்பிரிங்கின் இறுக்கத்தை இறக்காமல் பேலன்ஸையோ ஃபோர்க்கையோ கழற்றினால் சக்கரங்கள் கட்டில்லாமல் ஓடிப் பல் உடையும். ஃப்யூசி வாட்ச் முழுதாக ஓடி நின்ற பிறகும் பேரலில் இறுக்கம் மிச்சம் இருக்கும். அதைத் தெரியாமல் பிளேட்டைப் பிரித்தால் செயின் போய்விடும்.

பித்தளைக் குத்துவிளக்குக்குப் போடும் புளியும் பீதாம்பரியும் மெஷின் பக்கமே வரக் கூடாது. மேலே இருப்பது மெல்லிய தங்க கில்ட். ஒரு முறை தேய்த்தால் போச்சு, பொறித்த எழுத்தின் கூர்மையும் சேர்ந்து போகும். ஃபோர்க்கையும் பேலன்ஸையும் ஸ்பிரிட்டில் ஊற வைப்பதும் கூடாது. கற்களைப் பிடித்திருக்கும் அரக்கு அதில் கரைந்துவிடும். நம் ஊர்க் கடற்காற்றில் ஹேர் ஸ்பிரிங் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பதால், திறந்த மெஷினை மேசையில் விட்டுவைக்காமல் சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடி வையுங்கள்.

அளவு எடுக்கும்போது கேஸை அளப்பது வீண். டயல் பக்கப் பிளேட்டின் விட்டத்தை மி.மீ.-ல் அளந்து 2.256-ஆல் வகுத்தால், மெஷின் அளவைச் சொல்லும் பழைய அலகான லீன் கணக்கு வரும், 42.9 மி.மீ. என்றால் 19 லீன். அமெரிக்க வாட்ச் என்றால் மெஷினில் உள்ள எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். வால்தம், எல்ஜின் மெஷின்களுக்குக் கேஸ் பெரும்பாலும் தனியாக வாங்கிப் போட்டது. கேஸ் எண்ணை வைத்து ஆண்டு தேடினால் தவறான ஆண்டுதான் கிடைக்கும்.