‘வரலாற்றில் இன்று’ பலகை எழுதும் ஆசிரியருக்கு

எங்கள் பள்ளி வாசலை ஒட்டிய கரும்பலகையில் ‘வரலாற்றில் இன்று’ எழுதுவது பதினோரு வருடமாக என் வேலை. புதிதாக இதை ஏற்கிறவர்களுக்காக, ஜூலை 4-ஐ வைத்துச் சொல்கிறேன்.

முந்தின நாள் மாலையே அந்தத் தேதிக்குக் கிடைப்பதை எல்லாம் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். 1776, அமெரிக்க விடுதலைப் பிரகடனம். 1902, பேலூர் மடத்தில் விவேகானந்தர் மறைவு, வயது 39. 1934, மேரி கியூரி மறைவு. 2012, ஹிக்ஸ் போசான் போன்ற புதிய துகளைக் கண்டதாக ஜெனீவா ‘செர்ன்’ ஆய்வகம் அறிவித்தது. பலகைக்கு மூன்று போதும். மணி அடிப்பதற்குள் பிள்ளைகள் நின்று படிப்பது அவ்வளவுதான்.

அடுத்து வினைச்சொல்லைப் பாருங்கள். ‘1776 ஜூலை 4-ல் பிரகடனம் கையெழுத்தானது’ என்று எழுதினால் தப்பு. விடுதலைக்கு வாக்களித்தது ஜூலை 2. பிரகடன வாசகத்தை ஏற்றது ஜூலை 4. பெரும்பாலோர் கையெழுத்துப் போட்டது ஆகஸ்ட் 2. ஜூலை 2-ஐத்தான் மக்கள் கொண்டாடப் போகிறார்கள் என்று, விடுதலைத் தலைவர்களில் ஒருவரும் பின்னாளில் அமெரிக்க அதிபருமான ஜான் ஆடம்ஸே மனைவிக்குக் கடிதம் எழுதினார். ஆகவே ‘ஏற்கப்பட்டது’ என்று எழுதுங்கள்.

மூன்றில் ஒன்றுக்காவது கதை இருக்கட்டும். ஜூலை 4-க்கு என் தேர்வு 1826. பிரகடனத்தின் ஐம்பதாவது ஆண்டு நிறைவு நாள். அதை எழுதிய தாமஸ் ஜெபர்சன், வயது 83, வர்ஜீனியாவில் தன் வீட்டில் நடுப்பகல் தாண்டியதும் இறந்தார். அதற்காக வாதாடிய ஆடம்ஸ், வயது 90, மாசசூசெட்ஸில் அன்று மாலை இறந்தார். நண்பர்களாக இருந்து, 1800 அதிபர் தேர்தலில் எதிரெதிரே நின்று பேச்சே அற்றுப்போனவர்கள். 1812-ல் மறுபடி கடிதம் எழுதத் தொடங்கியவர்கள், கடைசிவரை விடவில்லை. ‘ஜெபர்சன் உயிரோடு இருக்கிறார்’ என்பது ஆடம்ஸின் கடைசிப் பேச்சு என்று சொல்வார்கள். வர்ஜீனியாச் செய்தி அவருக்கு எட்டியிருக்கவில்லை. இதைச் சொன்ன அன்று எட்டாம் வகுப்பில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

காலண்டரும் கடிகாரமும் கவனம். ரஷ்யாவின் அக்டோபர் புரட்சி, அன்று அங்கே வழக்கில் இருந்த பழைய காலண்டரில் 1917 அக்டோபர் 25. நாம் எழுத வேண்டிய தேதி நவம்பர் 7. கடிகார விஷயத்தை எனக்குக் கற்றுத்தந்தது ஒரு மாணவியின் தாத்தா. ஜூலை 20 அன்று, ‘1969: மனிதன் நிலவில் கால் வைத்த நாள்’ என்று எழுதியிருந்தேன். மறுநாள் அந்தப் பெண் வந்து, “சார், தாத்தா அதை 21-ஆம் தேதி காலையில் ரேடியோவில் கேட்டாராம்” என்றாள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆம்ஸ்ட்ராங் இறங்கியபோது அமெரிக்காவில் 20-ஆம் தேதி இரவு. இந்திய நேரப்படி 21-ஆம் தேதி காலை 8.26. அவர் சொன்னதுதான் சரி. அந்த வரியை அழித்து, நம் நேரத்தோடு திருத்தி எழுத அவளிடமே சாக்பீஸைக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து பலகையின் கீழ் ஓரத்தில் ஒரு சாண் இடம் காலியாக விடுகிறேன். நீங்களும் விடுங்கள். வீட்டில் கேட்டு வருவதைப் பிள்ளைகள் அங்கே எழுதட்டும்.