கட்டடத் தளங்களில் தொழிலாளர் மனநலம் காப்பது எப்படி: மேஸ்திரிகளுக்கும் மேற்பார்வையாளர்களுக்கும்

கட்டட வேலைக்கு வரும் ஒருவரின் மனம் தளர்வதற்கான காரணங்களில் பல அவர் நிற்கும் தளத்திலேயே இருக்கின்றன: இழுத்தடிக்கப்படும் கூலி, இரவிலும் வெப்பம் தணியாத தகரக் கொட்டகை, பிடிமானம் இல்லாத சாரம், வாங்கிய முன்பணத்துக்காக விட்டுப் போக முடியாத வேலை. ஆலோசகரைத் தேடும் முன்பே இவற்றைச் சரிசெய்வது மேஸ்திரியாலும் ஒப்பந்ததாரராலும் முடியும். தமிழ்நாட்டுத் தளங்களை மனத்தில் கொண்டு, முதலில் தளத்தில் சரிசெய்ய வேண்டியதையும் பிறகு ஆளைக் கவனிக்கும் விதத்தையும் இங்கு எழுதுகிறேன்.

முதலில் கூலியை ஒழுங்குபடுத்துங்கள். வாரக் கூலி என்று பேசியிருந்தால் சனிக்கிழமை மாலை முழுத் தொகையும் கைக்கு வரவேண்டும். ஆள் நின்றுவிடுவார் என்ற அச்சத்தில் ஒரு வாரக் கூலியைப் பிடித்துவைக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். ஊரில் வட்டி கட்டவேண்டிய ஒருவருக்கு அந்த ஒரு வாரத் தாமதமே உறக்கத்தைக் கெடுக்கப் போதுமானது. முன்பணத்தில் எவ்வளவு கழிந்தது, எவ்வளவு மீதம் என்பதை ஒரு நோட்டில் எழுதி அவரிடமும் காட்டுங்கள். கணவனும் மனைவியும் சேர்ந்து வேலை செய்தாலும், சித்தாளின் கூலியை அவர் கையிலேயே கொடுங்கள்.

அடுத்தது ஓய்வு. பெண்களுக்குத் தாழ்ப்பாளும் தண்ணீரும் உள்ள தனிக் கழிப்பறை இல்லாத தளத்தில், அவர்கள் காலை முதல் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்கிறார்கள். அதனால் வரும் சிறுநீர்த் தொற்றும் சோர்வும் எரிச்சலும் அவர்களுடைய குறையாகப் பேசப்படுவது பெரும் அநீதி. கான்கிரீட் போடும் வேலை நள்ளிரவு வரை நீண்டால், அதில் நின்றவர்களை மறுநாள் காலை சாரத்தில் ஏற்றாதீர்கள். ஏப்ரல், மே மாதங்களில் வேலையை விடியற்காலையிலேயே தொடங்கி, உச்சி வெயில் நேரத்தை ஓய்வுக்கு விடுங்கள். வெயிலில் நின்றவர் திடீரெனக் குழறிப் பேசினாலோ தடுமாறினாலோ, குடித்திருக்கிறார் என்று முடிவு கட்டாதீர்கள். அது வெப்பத்தாக்காக இருக்கலாம். நிழலுக்குக் கொண்டுபோய், உடலில் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐ அழையுங்கள்.

மனச் சோர்வைத் தொழிலாளர்கள் பெரும்பாலும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. ‘உடம்பு முடியல’, ‘தூக்கமே வரல’ என்பார்கள். தலைவலி, வயிற்றுவலி என்பார்கள். கைதேர்ந்த கொத்தனாரின் சுவர் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்தால் நேராக நிற்காமல் போவது, சாப்பாட்டு நேரத்தில் தனியே ஒதுங்குவது, அடிக்கடி சண்டை, கூடிவரும் குடி ஆகியவையும் கவனிக்க வேண்டியவை. எல்லோர் முன்பும் விசாரிக்காமல், வேலை முடிந்தபின் பக்கத்தில் உட்கார்ந்து, ‘அண்ணே, ரெண்டு மூணு நாளா நீங்க சரியாச் சாப்பிடல, வீட்ல ஏதும் பிரச்சினையா?’ என்று கேளுங்கள். சித்தாளிடம் அவர் நம்பும் மூத்த பெண் ஒருவர் பேசுவது நல்லது. பேச்சில் வாழவே பிடிக்கவில்லை என்ற குறிப்பு வந்தால், ‘செத்துப்போயிடலாம்னு தோணுதாண்ணே?’ என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. மறைத்துச் சுமந்ததைச் சொல்ல வழி கிடைக்கிறது. ஆம் என்றால் அவரைத் தனியே விடாதீர்கள், உயரத்துக்கு அனுப்பாதீர்கள். உடன் இருந்து, தொலைபேசியில் மனநல ஆலோசனை தரும் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் அழையுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய இந்த இலவசச் சேவை இரவு பகலாக இயங்குகிறது. இந்தி, வங்காளம், ஒடியா பேசும் வடமாநிலத் தொழிலாளர்களும் தம் மொழியில் பேசலாம். உடனடி ஆபத்து தெரிந்தால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள்.

குடியைப் பற்றி ஓர் எச்சரிக்கை. பல ஆண்டுகளாக நாள்தோறும் குடித்தவரை, ‘இன்றோடு நிறுத்து, இல்லாவிட்டால் வேலை இல்லை’ என்று மிரட்டாதீர்கள். திடீரென நிறுத்தினால் கைநடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் கண்காணிப்பில் நிறுத்துவதே பாதுகாப்பானது.

விபத்து நடந்த தளத்துக்குத் தனிக் கவனம் தேவை. 2014 ஜூன் 28 அன்று சென்னை மௌலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தனர். அத்தகைய பெரிய விபத்துதான் வெளியே பேசப்படுகிறது, ஆனால் உடன் வேலை செய்தவர் ஒருவர் சாரத்திலிருந்து விழுவதைப் பார்த்தவருக்கும் அதிர்ச்சி அதிர்ச்சியே. அன்று வேலையை நிறுத்திக் கூலியைக் கொடுங்கள். இரத்தக் கறையைக் கழுவும் வேலையை, விபத்தைக் கண்ணால் கண்டவர்களிடமே கொடுக்காதீர்கள். நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்லவும் வற்புறுத்தாதீர்கள். வீட்டாருடன் பேச நேரம் கொடுங்கள். ஒரு மாதம் கடந்தும் கெட்ட கனவும் நடுக்கமும் நீடித்தால் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்ல வேண்டும்.

1994-இல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர்கள் நல வாரியத்தில் உங்கள் ஆட்கள் பதிந்திருக்கிறார்களா என்றும் பாருங்கள். விபத்து உதவி, பிள்ளைகளின் கல்வி உதவி, ஓய்வூதியம் ஆகியவை கடன் சுமையைக் குறைப்பவை. பதிவுக்கான பணிச் சான்றில் கையெழுத்து கேட்டு வருபவரை அலையவிடாதீர்கள்.

சிகிச்சைக்குப் பின் வேலைக்குத் திரும்புபவர், மாத்திரையால் மந்தமாக இருக்கிறதா, உயரத்தில் நிற்கலாமா என்பதை மருத்துவரிடம் கேட்டுவரட்டும். லித்தியம் என்ற மனநல மருந்தை உட்கொள்பவருக்கு உடலில் நீர் வற்றினால் மருந்தின் அளவு இரத்தத்தில் கூடி நஞ்சாகலாம் என்பதால், அவரை வெயிலிலிருந்து விலக்கிவையுங்கள். சில வாரங்களுக்குத் தரையிலேயே, கல் எண்ணுதல், பொருள் கணக்கு, தண்ணீர் தெளித்தல் போன்ற வேலைகளைக் கொடுங்கள். கூலியைக் குறைக்காதீர்கள், காரணத்தையும் மற்றவர்களிடம் சொல்லாதீர்கள்.