ஆங்கில வார்த்தைகளை அக்கம்பக்கத்தோடு சேர்த்துப் படிப்பது எப்படி

ஆங்கிலம் படிக்க உட்காரும் பலரிடமும் ஒரு நோட்டு இருக்கும். இடப்பக்கம் ஆங்கில வார்த்தை, நடுவில் ஒரு சமக்குறி, வலப்பக்கம் தமிழ் அர்த்தம். தினமும் பத்து, மாதம் முந்நூறு என்று கணக்குப் போட்டு எழுதுவார்கள். நானும் இரண்டு நோட்டு நிறைய எழுதினேன். அதில் 'கிளவர்' என்பதற்கு நேராகப் 'புத்திசாலி' என்று போட்டு, அதற்கு இணையான சொற்கள் என்று ஸ்மார்ட், ஷ்ரூட், கன்னிங் என வரிசையாக எழுதி வைத்திருந்தேன். அப்புறம் ஒருநாள், எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவருக்கு நன்றி சொல்லிக் கடிதம் எழுதும்போது, 'கிளவர்' ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதே என்று நினைத்துக் 'கன்னிங்' என்று எழுதிவிட்டேன். அவர் கூப்பிட்டு, "உனக்கு நான் ஏதாவது கெடுதல் செய்தேனா?" என்று கேட்டார். கன்னிங் என்றால் தந்திரமும் சூதும் கலந்த புத்தி, கதைகளில் நரிக்குச் சொல்வது. மனம் விட்டு நன்றி சொல்ல வந்த இடத்தில் ஒருவரைக் காயப்படுத்திவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு வெகுநாள் இருந்தது.

தப்பு அந்தச் சமக்குறியில் இருக்கிறது. எந்த மொழியிலும் இரண்டு வார்த்தைகள் முழுக்க முழுக்க ஒன்றாக இருப்பது அபூர்வம். கிழவர், முதியவர், பெரியவர் மூன்றுக்கும் வயது ஒன்றுதான், ஆனால் ஒருவரை நேரில் வைத்துக்கொண்டு எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது என்று நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆங்கிலத்திலும் இதே கதைதான். ஒல்லியானவரை 'ஸ்லிம்' என்றால் அது பாராட்டு, 'ஸ்கின்னி' என்றால் எலும்பும் தோலுமாக இருக்கிறார் என்று பொருள். அதனால் ஒரு வார்த்தையைப் படிக்கும்போது அதற்குப் பக்கத்தில் யார் இருக்கிறார்கள், எவ்வளவு தள்ளி இருக்கிறார்கள், எதிரில் நிற்பது யார் என்று மூன்றையும் சேர்த்தே படியுங்கள். எண்ணிக்கை குறையும், பரவாயில்லை. ஒரு நாளுக்கு மூன்று வார்த்தை போதும்.

முதலில் எந்த மூன்று? கடினமான வார்த்தைகளின் பட்டியலைத் தேடிப் போகாதீர்கள். மைக்கேல் வெஸ்ட் என்ற ஆங்கில ஆசிரியர் 1953ல் ஒரு பட்டியல் வெளியிட்டார், அடிக்கடி வரும் சுமார் 2000 அடிப்படைச் சொற்கள். சாதாரண எழுத்தில் வரும் சொற்களில் ஐந்தில் நான்கு பங்கு இந்த வட்டத்துக்குள்ளேயே அடங்கிவிடும் என்பதுதான் அதன் விசேஷம். கல்லூரிப் பாடங்களைப் படிக்க வேண்டியவர்களுக்கு, எவ்ரில் காக்ஸ்ஹெட் 2000ஆம் ஆண்டில் தொகுத்த இன்னொரு பட்டியல் இருக்கிறது, அதில் 570 சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து பிறக்கும் சொற்களும் சேர்ந்தது ஒரு குடும்பம்). அந்த இரண்டாயிரத்தில் ஓட்டை இருந்தால் அதை அடைப்பதுதான் முதல் வேலை. அது முடிந்துவிட்டது என்றால் நீங்கள் படிக்கும் செய்தியிலோ கதையிலோ இரண்டு மூன்று தடவை எதிர்ப்பட்ட வார்த்தையை எடுங்கள். ஒரே ஒரு தடவை வந்துபோனதை விட்டுவிடலாம், தேவையானது திரும்பவும் வரும்.

சரி, ஒரு வார்த்தையை எடுத்து நோட்டில் எப்படி எழுதுவது என்று பார்ப்போம். 'ரிலக்டன்ட்' என்று வைத்துக்கொள்ளுங்கள். (நோட்டில் ஆங்கில எழுத்திலேயே எழுதுங்கள், ஸ்பெல்லிங்கும் கூடவே மனதில் பதியும்.) அகராதியைத் திறந்தவுடன் 'தயக்கமுள்ள' என்று வரும். அதோடு நிறுத்திவிட்டால், தயங்குவது என்பதற்கு ஆங்கிலத்தில் இருக்கும் இன்னொரு வார்த்தையான 'ஹெசிடன்ட்' வந்து குழப்பும். இரண்டையும் அருகருகே வையுங்கள். ஹெசிடன்ட் என்றால் செய்யலாமா வேண்டாமா என்று தெரியாமல் நிற்பது. ரிலக்டன்ட் ஆளுக்கு அந்தக் குழப்பம் கிடையாது, அவருக்கு மனமில்லை, ஆனாலும் கடைசியில் செய்துவிடக்கூடும். தமிழில் அதற்குச் சரியான சொல் ஏற்கெனவே இருக்கிறது: அரைமனதோடு. மூன்றாவதாக 'அன்வில்லிங்', இவர் பெரும்பாலும் முடியாது என்றே சொல்லிவிடுவார். எதிர்ப்பக்கம் 'ஈகர்', எப்போது எப்போது என்று துடிப்பவர். இப்போது ஒரே கோட்டில் நான்கு பேர் நிற்கிறார்கள், யாருக்கு எந்த இடம் என்பதும் தெரிகிறது. இந்த வார்த்தையின் லத்தீன் மூலத்துக்கு 'எதிர்த்துப் போராடுதல்' என்று பொருள், உள்ளுக்குள் மனம் முரண்டு பிடிப்பது அதிலேயே இருக்கிறது. கடைசியாக, இதற்குப் பின்னால் 'டு' வரும் என்பதைக் காட்ட ஒரு வாக்கியம்: 'ஷி வாஸ் ரிலக்டன்ட் டு லீவ்.' அதற்குக் கீழே உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம் நீங்களே எழுதுங்கள். நீங்கள் உண்மையிலேயே அரைமனதோடு செய்த ஒரு காரியம். இதைச் செய்யாமல் அடுத்த வார்த்தைக்குப் போகாதீர்கள், பக்கத்திலேயே முக்கியமான வரி இதுதான்.

இணைச்சொற்களைப் பிரித்துப் பார்க்க எனக்கு மூன்று கேள்விகள் உதவுகின்றன. ஒன்று, இது பாராட்டா திட்டா? 'ஃபேமஸ்' என்றாலும் 'நொடோரியஸ்' என்றாலும் ஊரறிந்தவர்தான், ஆனால் இரண்டாமவர் கெட்ட பெயரால் அறியப்பட்டவர். இரண்டு, எவ்வளவு சூடு? 'டயர்டு' என்றால் களைப்பு, 'எக்ஸாஸ்டட்' என்றால் இனி ஓர் அடி எடுத்து வைக்க முடியாத களைப்பு. அப்படி உச்சத்தில் இருக்கும் வார்த்தைகளுக்கு முன்னால் பொதுவாக 'வெரி' சேர்ப்பதில்லை, 'அப்ஸல்யூட்லி எக்ஸாஸ்டட்' என்பார்கள். மூன்று, யாரோடு சேரும்? இதுதான் பலரும் கவனிக்காமல் விடுவது. பலத்த மழை என்கிறோம், கனமழை என்கிறோம், 'வலிமையான மழை' என்று சொன்னால் காது ஒப்புக்கொள்வதில்லை. ஆங்கிலத்தில் மழை 'ஹெவி', காற்று 'ஸ்ட்ராங்'. மாற்றிப் போட்டாலும் அர்த்தம் புரியும், ஆனால் அந்த மொழியில் பழகியவருக்கு உறுத்தும். இதற்கு விதி எதுவும் கிடையாது, ஜோடியாகவே மனதில் போட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

ஆங்கிலத்தில் ஏன் இத்தனை இணைச்சொற்கள் என்று தெரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும். 1066ல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்தார்கள். அதற்கப்புறம் அரசவையிலும் நீதிமன்றத்திலும் பல தலைமுறைகளுக்குப் பிரெஞ்சு, படிப்பாளிகளிடம் லத்தீன், சாதாரண மக்களிடம் பழைய ஆங்கிலம். மூன்றும் ஒரே பாத்திரத்தில் கலந்தன. அதனால்தான் 'ஆஸ்க்', 'கொஸ்டின்', 'இன்டரோகேட்' என்று ஒரே வேலைக்கு மூன்று வார்த்தை. முதலாவது மண்ணின் சொல், எங்கும் புழங்கும். இரண்டாவது பிரெஞ்சு வழியாக வந்தது, கொஞ்சம் விறைப்பு. மூன்றாவது லத்தீன், போலீஸ் விசாரணைக்கு. தமிழிலும் 'கேட்டார்' என்பதற்கும் 'விசாரணை நடத்தினார்' என்பதற்கும் இருக்கும் தூரம் இதுதானே! பெரும்பாலும் சின்ன வார்த்தை பேச்சுக்கு, நீளமான வார்த்தை அலுவலகத்துக்கு என்று ஒரு குத்துமதிப்பு வைத்துக்கொள்ளலாம். நண்பரிடம் பேசும்போது 'கமென்ஸ்' வேண்டாம், 'ஸ்டார்ட்' போதும்.

இந்த இடத்தில் திசாரஸ், அதாவது இணைச்சொற்களைத் தொகுத்துத் தரும் புத்தகம், அதைப் பற்றி ஒரு வார்த்தை. அதில் பேர்போனது பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் 1852ல் வெளியிட்டது, நம் நிகண்டுகளைப் போலவே அகரவரிசையாக இல்லாமல் பொருள்வாரியாகச் சொற்களை அடுக்கியது. அருமையான கருவிதான். ஆனால் தெரிந்த சொல்லை ஞாபகப்படுத்திக்கொள்ளத்தான் அது கைகொடுக்கும், தெரியாத சொல்லை அதிலிருந்து எடுத்து நேராக வாக்கியத்தில் வைத்தால் என் 'கன்னிங்' கதைதான் நடக்கும். திசாரஸில் பார்த்ததைக் கற்போருக்கான ஆங்கில அகராதியில் ஒருதடவை சரிபார்த்துவிடுங்கள். அவற்றில் சில, சுமார் 2000 எளிய சொற்களை மட்டும் வைத்தே பொருள் சொல்கின்றன, மிரள வேண்டியதில்லை.

எதிர்ச்சொல்லுக்கு வருவோம். இதை நிறையப் பேர் சின்னப் பிள்ளைகள் பாடம் என்று ஒதுக்குகிறார்கள். எனக்கு என்னவோ ஒரு வார்த்தைக்கு எத்தனை அர்த்தம் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி தெரியவில்லை. 'ஓல்டு' என்பதற்கு எதிர்ச்சொல் என்ன? மனிதர் என்றால் 'யங்', பொருள் என்றால் 'நியூ'. ஆக 'ஓல்டு' என்று ஒரு வார்த்தை இருந்தாலும் உள்ளே இருப்பது இரண்டு, தமிழில் நாம் வயதான, பழைய என்று பிரித்துச் சொல்வதுபோல. 'லைட்' எடுங்கள், எடைக்கு எதிர் 'ஹெவி', நிறத்துக்கு எதிர் 'டார்க்'. 'ஹார்டு' என்பதற்கு 'சாஃப்ட்', 'ஈசி' இரண்டுமே எதிர். எதிர்ச்சொல்லைத் தேடும்போதே அர்த்தங்கள் தானாகப் பிரிந்து வருவதைப் பார்ப்பீர்கள்.

இன்னொரு விஷயம், எல்லா எதிர்ச்சொல்லும் ஒரே ஜாதி இல்லை. 'அலைவ்', 'டெட்' என்றால் நடுவில் எதுவும் கிடையாது. 'ஹாட்', 'கோல்டு' என்றால் நடுவில் வார்ம், லூக்வார்ம், கூல் என்று படிப்படியாக இருக்கிறது, அதனால் 'நாட் ஹாட்' என்றால் 'கோல்டு' என்று எடுத்துக்கொள்ள முடியாது. 'பை', 'செல்' என்பது வேறு மாதிரி, ஒருவர் வாங்கினால் இன்னொருவர் விற்றிருக்க வேண்டும், ஒரே காரியத்தின் இரண்டு பக்கம். படி உள்ள ஜோடி கிடைத்தால் ஒரு கோடு போட்டு வார்த்தைகளை அதன்மேல் வரிசையாக நிறுத்துங்கள், பட்டியலை விடக் கோடு சீக்கிரம் ஞாபகம் வரும்.

முன்னொட்டு போட்டு எதிர்ச்சொல் செய்வது சுலபம் என்று தோன்றும். அன், டிஸ், இன். இதில் 'இன்' மட்டும் உருமாறும்: 'பாசிபிள்' என்பதற்கு முன்னால் 'இம்', 'லீகல்' முன்னால் 'இல்', 'ரெகுலர்' முன்னால் 'இர்'. இதை மனப்பாடம் செய்யத் திணறுகிறவர்களிடம் நான் சொல்வது, 'மரம்' என்பதோடு 'கள்' என்ற பன்மை விகுதி சேர்ந்தால் ஏன் 'மரங்கள்' ஆகிறது என்று யோசித்துப் பாருங்கள். அடுத்து வரும் எழுத்துக்கு நாக்கு முன்கூட்டியே தயாராகிறது, அதே புணர்ச்சிதான் இங்கேயும். ஆனால் 'இன்' என்று பார்த்தவுடனே எதிர்ச்சொல் என்று முடிவு கட்டாதீர்கள். 'இன்ஃப்ளேமபிள்' என்றாலும் 'ஃப்ளேமபிள்' என்றாலும் எளிதில் தீப்பற்றக்கூடியது என்றே அர்த்தம், தப்பாகப் புரிந்துகொண்டால் உயிருக்கே ஆபத்து. 'இன்வேல்யுவபிள்' என்றால் மதிப்பில்லாதது என்று நினைத்துவிடாதீர்கள், மதிப்பிட முடியாத அளவுக்கு உயர்ந்தது.

இனி மறதி. எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எத்தனை நேரத்தில் எவ்வளவு மறக்கிறது என்று அளந்து 1885ல் எழுதினார். படித்த முதல் சில மணி நேரத்தில்தான் மறதி மிக வேகம், அப்புறம் மெதுவாகிறது. அதனால் இன்று எழுதியதை நாளைக்கே ஒருதடவை பாருங்கள், பிறகு மூன்று நாள், ஒரு வாரம், மாதம் என்று இடைவெளியை நீட்டுங்கள். அட்டைகளைப் பெட்டியில் போட்டு, தெரிந்ததை அடுத்த அறைக்கும் தெரியாததை முதல் அறைக்கும் நகர்த்தும் முறையை 1972ல் செபாஸ்டியன் லைட்னர் பரப்பினார். செல்போனில் அன்கி போன்ற செயலிகள் இந்த வேலையைத் தாமாகவே செய்துவிடும்.

அட்டையில் என்ன எழுதுகிறீர்கள் என்பதுதான் முக்கியம். முன்பக்கம் வார்த்தை, பின்பக்கம் அர்த்தம் என்று போட்டால் பழைய சமக்குறி திரும்ப வந்துவிடும். நீங்கள் எழுதிய அந்தச் சொந்த வாக்கியத்தை முன்பக்கம் எழுதி, அந்த வார்த்தையை மட்டும் எழுதாமல் அதன் இடத்தில் வெறும் கோடு போடுங்கள். பின்பக்கம் அந்த வார்த்தை, கீழே ஓர் இணைச்சொல், இரண்டுக்கும் என்ன வித்தியாசம் என்று ஒரே வரி, ஓர் எதிர்ச்சொல். அட்டையைத் திருப்பும் முன்னால் வாய்விட்டுச் சொல்லுங்கள், மனதுக்குள் தெரிந்த மாதிரி இருப்பது வாய்க்கு வராது. நாலைந்து தடவை திருப்பியும் ஒரு வார்த்தை நிற்கவில்லை என்றால் அந்த அட்டையைக் கிழித்துவிட்டு, வேறொரு சம்பவத்தை வைத்துப் புது வாக்கியம் எழுதுங்கள், பெரும்பாலும் பழுது அந்த வாக்கியத்தில்தான் இருக்கும்.