ஸ்னோபோர்ட் பூட்ஸ்: லைனரைக் கழற்றிப் பார்க்காமல் வாங்காதீர்கள்

போன குளிர்காலம் காஷ்மீரின் குல்மார்க்கில், விடுதி வராந்தாவில் ஒரு தம்பி ஈரமான பூட்ஸுக்குள் செய்தித்தாளைக் கசக்கித் திணித்துக்கொண்டிருந்தார். "இரண்டு நாளா காயவே மாட்டேங்குது அண்ணா" என்றார். ஸ்னோபோர்ட் (பனிச்சரிவில் நின்றபடி சறுக்கும் பலகை) ஓட்டப் புதிதாக வருபவர்களில் பாதிப் பேர், நான் முதல் வருடம் பட்டதையே படுகிறார்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

தையல் போட்ட லைனரோடு ஒரு வாரப் பயணம்

பூட்ஸில் இரண்டு அடுக்கு உண்டு. வெளியே விறைப்பான கூடு, உள்ளே காலைப் பிடிக்கும் நுரை லைனர். விலை குறைந்த பல மாடல்களில் லைனரைக் கூட்டோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மற்றவற்றில் உருவி எடுக்கலாம்.

பனி உள்ளே புகுந்துதான் பூட்ஸ் நனைகிறது என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் அது நம் கால் வியர்வை. போர்டைத் தூக்கிக்கொண்டு நாள் முழுக்க நடந்து, விழுந்து, எழுந்தால் நுரை அத்தனையையும் குடித்துக்கொள்ளும். உருவ முடிந்த லைனரை ராத்திரி வெளியே எடுத்து, நாக்கை விரித்துத் தொங்கவிட்டால் பெரும்பாலும் காலைக்குள் காய்ந்துவிடும். தைத்த லைனருக்குக் காற்று போக மேல்வாய் ஒன்றுதான் வழி. விரல் பக்கம் ஈரம் அப்படியே கிடக்கும். காஷ்மீரிகள் 'சில்லாய் கலான்' என்று சொல்லும் 40 நாள் கடுங்குளிரில் (டிசம்பர் 21 தொடங்கி ஜனவரி கடைசிவரை) அந்த ஈரத்தோடு கொண்டோலாவில் (குல்மார்க்கின் கேபிள் கார்) 3,900 மீட்டருக்கு மேலே போனால், முதல் இறக்கத்திலேயே விரல் மரத்துவிடும்.

அந்த முதல் வருடப் பயணத்தில் எனக்கு மூன்றாம் நாள் ராத்திரி பொறுமை போய்விட்டது. அறையில் புகாரி எரிந்துகொண்டிருந்தது. அங்கே வீட்டைச் சூடாக்கும் இரும்பு விறகடுப்பு அது. பூட்ஸை அதன் பக்கத்தில் சாய்த்து வைத்துத் தூங்கிவிட்டேன். காலையில் இடது பூட்ஸின் சோல் முன்பக்கம் பசை விட்டு, இரண்டு விரல் நுழையும் அளவுக்கு வாய் பிளந்திருந்தது. உள்ளே கட்டைவிரல் பக்கத்து நுரை சுருங்கிக் கட்டையாகிவிட்டது. மீதி நாட்களுக்கு வாடகை பூட்ஸ்.

வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்டுத்தான் வாங்கினேன். "இரண்டும் ஒண்ணுதான் சார்" என்றார். அந்த ஒரு வரியை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது. இரண்டும் ஒன்றில்லை. நுரை அமுங்கித் தொளதொளவென்று ஆனபின், உருவும் வகையில் லைனரை மட்டும் மாற்றிக்கொள்ளலாம். தைத்த வகையில் முழு பூட்ஸும் போச்சு.

ஒரே நாள் ஓட்டிப் பார்ப்பவருக்கும், வருடா வருடம் கால் வளரும் பிள்ளைகளுக்கும் தைத்த லைனர் போதும். ஏற்கெனவே வாங்கிவிட்டீர்களா? லேஸை முழுக்கத் தளர்த்தி, அடி இன்சோலை உருவி, மேல்வாயை ஃபேன் பக்கம் திருப்பி வையுங்கள். செய்தித்தாள் திணித்தால், அதை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். அந்தத் தம்பி ஒரே தாளை ராத்திரி முழுக்க விட்டிருந்தார், அது ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்தது.

லைனரை மடிந்தபடி திரும்பப் போடுவது

எங்களோடு வந்த ஒரு பெண்ணுக்கு முன்னங்கால் எலும்பில் தாங்க முடியாத வலி. பூட்ஸ் சின்னது என்றே நினைத்தார். கழற்றிப் பார்த்தால் லைனரின் நாக்கு ஓரம் உள்பக்கமாக மடிந்திருந்தது, அந்த இடத்தில் தோல் கன்றிப்போயிருந்தது. லைனரைப் போட்டதும் குதிகால் பகுதியைக் கையால் அடிவரை அழுத்துங்கள். உள்ளே விரல் விட்டு ஒரு சுற்று தடவிப் பாருங்கள். அப்புறம் லேஸ் கட்டலாம்.

ஒரு சைஸ் பெரிதாக எடுப்பது

நின்றால் விரல் நுனி முன்பக்கம் லேசாக முட்ட வேண்டும், முழங்காலை மடக்கினால் விலக வேண்டும். கடையிலேயே தாராளமாக இருந்தால், நுரை அமுங்கியதும் குதிகால் மேலே எழும்பும். போர்டு சொன்ன பேச்சைக் கேட்காது.

இரண்டு சாக்ஸ்

வேண்டாம். மெல்லிய கம்பளி சாக்ஸ் ஒன்று.