இன்க்ஜெட்டில் செல்களை அச்சிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மருத்துவமும் பொறியியலும் அருகருகே வளர்ந்த ஊர் வேலூர் என்பதால், இன்க்ஜெட் முறையில் வெள்ளி மையையோ உயிருள்ள செல்களையோ அச்சிட்டுப் பார்க்கும் ஆர்வத்தோடு எங்கள் ஆய்வகத்துக்கு வரும் மாணவர்களுக்குக் குறைவில்லை. தொடக்கக் காலத்தில் நாங்கள் செய்த பிழைகளையே அவர்களும் வரிசை மாறாமல் செய்வதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். கையுறை அணிவது, கோப்பைச் சரிபார்ப்பது போன்றவற்றை யாரும் சொல்லிவிடுவார்கள், அவற்றை விட்டுவிடுகிறேன்.

தண்ணீரை வைத்து அலைவடிவத்தை அமைப்பது

மின்துடிப்பில் அதிர்ந்து துளியை வெளியே தள்ளும் பீசோ அச்சுத்தலைக்குக் கொடுக்கும் துடிப்பின் உயரமும் நீளமும் சேர்ந்ததே அலைவடிவம்; அது அந்தந்தத் திரவத்துக்கே உரியது. தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன், பல மைகளுக்கு அது 30-ஐ ஒட்டியே இருக்கும், பாகுநிலையும் வேறுபடும். பாகுநிலை, பரப்பு இழுவிசை முதலியவற்றை ஒப்பிடும் ஓனசோர்க் எண்ணின் தலைகீழான இசட் மதிப்பு 1-க்கும் 10-க்கும் இடையில் இருந்தால் துளி ஒழுங்காக விழும் என்பது பொதுக் கணக்கு. அதற்குக் கீழே போனால் துளி பிரியாது, மேலே போனால் துணைத் துளிகள் சிதறும். எதை அச்சிடப் போகிறீர்களோ அதையே ஊற்றி அமையுங்கள்.

வடிகட்டாத மை

துளி வெளியேறும் நுண்துளையான நாசிலின் விட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நானோதுகள் மைக்குள் இருக்கக்கூடாது.

செல்கள் மிதந்துகொண்டே இருக்கும் என்று நம்புவது

எனக்கு இன்றைக்கும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். 15 மைக்ரான் விட்டமுள்ள ஒரு செல், தான் மிதக்கும் ஊடகத்தைவிட ஐந்து விழுக்காடு அடர்த்தி கூடுதலாக இருந்தால், வினாடிக்கு ஏறத்தாழ 6 மைக்ரான் வேகத்தில் கீழே இறங்கும். ஒரு சென்டிமீட்டரைக் கடக்க அதற்கு அரைமணி நேரம்கூட ஆகாது. சிறு குழிகள் நிறைந்த ஒரு தட்டு முழுவதையும் அச்சிட்டு முடிக்க அதைவிட அதிக நேரம் பிடிக்கிறது என்பதை யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை.

குடியாத்தத்திலிருந்து தினமும் வந்துபோன ஒரு முதுநிலை மாணவி, வரிசைக்கு வரிசை மருந்தின் அளவைக் கூட்டிவைத்த தட்டில் செல்களை அச்சிட்டுக்கொண்டிருந்தார். கடைசி வரிசைகளில் செல்கள் அருகிப்போயிருந்தன. “சார், மருந்து நல்லா வேலை செய்யுது சார்” என்று அவர் வந்து நின்றபோது முகத்தில் அவ்வளவு மகிழ்ச்சி. நான் செல் கலவை இருக்கும் தேக்கத்திலிருந்து அச்சுத்தலைக்குப் போகும் கிடைமட்டக் குழாயைக் கழற்றி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அடிச்சுவர் நெடுக மெல்லிய வெண்கோடு ஒன்று படிந்திருந்தது; விரலால் சுண்டியதும் அது கலங்கி எழுந்தது. மருந்தே இல்லாமல் அச்சிட்டபோதும் கடைசி வரிசைகள் அதேபோல் வெறிச்சோடிக் கிடந்தன. மாதக்கணக்கில் செலவழித்த சீரமும் மருந்தும் உழைப்பும், குழாயில் செல் படிந்ததை மட்டுமே அளந்திருந்தன.

கருவி இதைக் காட்டிக்கொடுக்காது என்பதுதான் ஆபத்து. விழும் துளிகளை மின்னொளியில் நிறுத்திக் காட்டும் ஸ்ட்ரோப் கேமராவில் அவை கடைசிவரை உருண்டையாகவே தெரியும். மில்லிலிட்டருக்கு 10 லட்சம் செல்கள் உள்ள கலவையில், 100 பிக்கோலிட்டர் துளி ஒன்றுக்குச் சராசரியாக 0.1 செல்தான் வரும். நன்றாகக் கலந்திருக்கும்போதே பத்தில் ஒன்பது துளிகள் வெறுமையாக இருப்பதால், துளிகளைப் பார்த்து ஒன்றும் சொல்ல முடியாது. ஆகவே அச்சின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் ஒரே எண்ணிக்கையிலான துளிகளைச் சேகரித்து, செல் எண்ணும் கண்ணாடித் தட்டான நியூபாயர் கட்டத்தில் எண்ணியே ஆக வேண்டும்.

தேக்கத்தில் மெதுவாகக் கலக்குங்கள், குழாயைக் குட்டையாகவும் செங்குத்தாகவும் வையுங்கள், கலவையைச் சிறு பகுதிகளாக மாற்றிக்கொண்டே இருங்கள். அடர்த்தியைச் சமன்செய்யச் சர்க்கரையைக் கொட்டினால் சவ்வூடு அழுத்தம் ஏறிச் செல் சுருங்கும். ஃபிக்கால் போன்ற பெரிய மூலக்கூறு அந்தக் கெடுதலை மிகக் குறைவாகவே செய்யும், ஆனால் பாகுநிலை கூடுவதால் அலைவடிவத்தை மறுபடியும் அமைக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்தின் அளவு ஏறும் வரிசையிலேயே அச்சிடாதீர்கள். குழிகளின் வரிசையைக் கலைத்துப் போட்டு, மருந்தில்லாத குழிகளை இடையிடையே வையுங்கள். அந்த மாணவி இதை மட்டும் செய்திருந்தால் முதல் தட்டிலேயே உண்மை தெரிந்திருக்கும்.

காற்றின் வறட்சியை மறப்பது

கத்திரி வெயிலில் இங்கே 40 டிகிரியைத் தாண்டும். ஆய்வகத்தில் நாள் முழுக்க ஏ.சி. ஓடும், காற்று வறண்டுவிடும். 60 மைக்ரான்கூட இல்லாத துளி சில வினாடிகளில் காய்ந்து, மிஞ்சும் உப்புச் செறிவே செல்லைக் கொன்றுவிடும். ஈரப்பதமூட்டிய அறைக்குள், ஈரமான ஜெல்லின்மேல் அச்சிடுங்கள். வெள்ளி மையில் இதே வறட்சி, துகள்கள் துளியின் விளிம்பில் ஒதுங்கும் காபி வளையத்தை உண்டாக்கும். மெதுவாக ஆவியாகும் எத்திலீன் கிளைக்கால் சிறிது சேர்த்தால் அது குறையும்.

கழுவும் வரிசையை மாற்றுவது

செல் ஓடிய தலையில் எத்தனாலை முதலில் விட்டால் புரதம் உறைந்து நாசிலுக்குள்ளேயே ஒட்டிக்கொள்ளும். முதலில் தாங்கல் கரைசல், அடுத்து நொதி கலந்த சோப்பு, கடைசியில்தான் 70 விழுக்காடு எத்தனால்.