விண்டோ டைட்டிலை நம்பி பிராசஸ் ஐடி எடுப்பவர்களுக்கு

புதிதாகச் சேர்ந்த தம்பி ஒருவர் போன வாரம் ஒரு பேட்ச் ஃபைல் (கமாண்டுகளை வரிசையாக எழுதி ஓட்டும் ஃபைல்) எழுதிக் காட்டினார். தொங்கிப்போன புரோகிராமை விண்டோ டைட்டிலை, அதாவது விண்டோவின் மேல்பட்டையில் தெரியும் பெயரை வைத்துத் தேடிப்பிடித்து மூடும். பார்த்ததும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. பல வருஷத்துக்கு முன் நான் எழுதியதும் அதேதான், ‘பின்னால் எது வந்தாலும் சரி’ என்று சொல்லும் கடைசி நட்சத்திரக்குறி உட்பட. எழுத்துப்பிழை, விட்டுப்போன மேற்கோள்குறி பற்றியெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை. கமாண்ட் பிராம்ப்ட்டே திட்டிவிடும்.

டைட்டில் பொருந்தினால் போதும் என்று நினைப்பது

நான் பார்த்துக்கொண்ட ஒரு கடையில் பில்லிங் சாஃப்ட்வேர் அடிக்கடி தொங்கும். ‘பில்லிங்’ என்று டைட்டில் தொடங்கும் எதையும் ‘டாஸ்க்கில்’ (taskkill) என்ற கமாண்ட் மூடிவிட வேண்டும் என்று எழுதி, கட்டாயமாக மூடும் எஃப் சுவிட்சையும் சேர்த்து, டெஸ்க்டாப்பில் ஐகானாக வைத்துக் கொடுத்தேன். இரண்டு மாதம் எனக்கு அங்கே ராஜ மரியாதை.

மார்ச் கடைசியில் கணக்குப் பார்க்கும் அக்கா அதே கம்ப்யூட்டரில் ‘பில்லிங் சரிபார்ப்பு’ என்று ஒரு எக்ஸெல் ஃபைலைத் திறந்து வைத்திருந்தார். எக்ஸெல், ஃபைல் பெயரைத்தான் டைட்டிலில் முதலில் போடும். யாரோ ஐகானை அழுத்த, எக்ஸெல் மறைந்தது. நான்கு ஃபைல் திறந்திருந்தாலும் எக்ஸெல் பொதுவாக ஒரே பிராசஸ்தான், அதாவது விண்டோஸின் கணக்கில் ஓடும் ஒரே புரோகிராம். பக்கத்தில் இருந்த ஸ்டாக் ஷீட்டும் போனது. தானாகச் சேமித்து வைக்கும் ஆட்டோ ரெக்கவரை யாரோ முன்பே அணைத்து வைத்திருந்தார்கள். “தம்பி, காலையிலேர்ந்து போட்டதெல்லாம் எங்கே?” என்று அக்கா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது.

டைட்டிலில் எந்தப் புரோகிராமும் எதையும் எழுதிக்கொள்ளலாம். அதனால் டைட்டில் ஃபில்டரோடு இமேஜ் நேம் (புரோகிராமின் .exe ஃபைல் பெயர்) ஃபில்டரையும் கொடுங்கள். இரண்டும் பொருந்தினால்தான் வரும். முதலில், ஓடும் பிராசஸ்களைப் பட்டியலிடும் டாஸ்க்லிஸ்ட் (tasklist) கமாண்டை ஓட்டிப் பாருங்கள். ஒரே ஒரு வரி வந்தால் மேலே போகலாம், இரண்டு வந்தால் நிறுத்துங்கள். எஃப் இல்லாமல் முயன்றால் ‘மூடிக்கொள்’ என்ற செய்தி மட்டும் போகும். எக்ஸெலாக இருந்தால் ‘சேவ் செய்யவா?’ என்று கேட்டிருக்கும். அந்தச் செய்திக்கும் மூடாத பிராசஸை மட்டும், விண்டோஸ் அதற்குக் கொடுத்திருக்கும் ஐடி எண்ணைக் கொடுத்து, எஃப் போட்டு மூடுங்கள். அன்று எனக்கு இந்தப் பொறுமை இல்லை.

திரும்பி வரும் எண்ணை அப்படியே எடுப்பது

சி மொழியில் புரோகிராம் எழுதுபவர்களுக்கு இது. ஒரு விண்டோ எந்த பிராசஸுடையது என்று கேட்க உதவும் கெட்விண்டோத்ரெட்பிராசஸ்ஐடி (GetWindowThreadProcessId) ஃபங்ஷன் திருப்பித் தருவது த்ரெட் ஐடி, அதாவது பிராசஸுக்குள் ஓடும் ஒரு இழையின் எண். பிராசஸ் ஐடி நீங்கள் இரண்டாவதாகக் கொடுக்கும் பாயிண்டரில் வந்து விழும். இரண்டுமே நான்கால் வகுபடும் எண்கள் என்பதால் கண்ணால் பிரித்தறிய முடியாது.

அட்மினாகத் திறந்த கமாண்ட் பிராம்ப்ட்

டைட்டிலுக்கு முன்னால் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்’ என்று ஒட்டிக்கொள்ளும், அதனால் நீங்கள் தேடும் டைட்டில் பொருந்தாது. நட்சத்திரத்தை முன்னால் போட்டும் தப்பிக்க முடியாது. கடைசியில் இருந்தால்தான் டாஸ்க்லிஸ்ட் ஏற்கும்.

ஐடியை ஃபைலில் எழுதி நாளைக்கு வைத்துக்கொள்வது

வேண்டாம். அதே எண் நாளை வேறு பிராசஸிடம் இருக்கலாம்.

டாஸ்க் ஷெட்யூலர்

குறித்த நேரத்தில் ஸ்கிரிப்ட்டைத் தானாக ஓட்டும் இந்த வசதியில் ‘யூசர் லாகின் செய்யாவிட்டாலும் ஓட்டு’ என்று வைத்தால் உங்கள் ஸ்கிரிப்ட், யூசரின் திரையிலிருந்து பிரிந்த செஷன் 0-வில் ஓடும். திரையில் இருக்கும் எந்த விண்டோவும் அதன் கண்ணுக்குத் தெரியாது. பகலில் கையால் ஓட்டினால் வேலை செய்யும், ராத்திரி செய்யாது.